சரக்கு எங்கே நிற்கிறது? சின்னத் தொழிற்கூடத்தில் லீன் முறைக்கு சாஃப்ட்வேரைப் பழக்குவது எப்படி

திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மாதவரம், மூலக்கடை, வியாசர்பாடி எஸ்டேட் பக்கம் லேத்தும் சிஎன்சியும் வைத்து உதிரிபாகம் செய்து கொடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்து பேர் முதல் அறுபது பேர் வரை வேலை செய்கிற இடம், பில் போட டேலி, மற்றதற்கெல்லாம் நோட்டும் வாட்ஸ்அப்பும் என்று ஓடுகிற இடம். ஐம்பதுகளிலேயே எண்ணூரில் அசோக் லேலண்ட், பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்., திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை என்று வந்துவிட்டதால், அவற்றை நம்பி புஷ், பின், பிராக்கெட் செய்கிற பட்டறைகள் இந்தப் பக்கம் தலைமுறை தாண்டி ஓடுகின்றன. கைவேலையில் இங்கே குறையே கிடையாது. குறை இருப்பது சரக்கைப் பற்றிய தகவலில்.

கம்பெனியிலிருந்து ஃபோன் வருகிறது, "அந்த புஷ் நாளைக்கு எத்தனை அனுப்புவீங்க?" என்று. பதில் சொல்ல நீங்கள் சூப்பர்வைசரைக் கூப்பிட வேண்டும், அவர் ஸ்டோர்ஸைக் கேட்க வேண்டும், ஸ்டோர்ஸ்காரர் பிளேட்டிங் (உலோகப் பூச்சு) கடைக்கு ஃபோன் போட வேண்டும், அங்கே ஆள் சாப்பிடப் போயிருப்பார். கடைசியில் குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, அதைக் காப்பாற்ற ராத்திரி ஓவர்டைம் போடுகிறீர்கள். சாஃப்ட்வேர் வாங்குவது இந்த ஒரு கேள்விக்காகத்தான்: என் சரக்கு இந்த நிமிடம் எங்கே, எத்தனை, எத்தனை நாளாக நிற்கிறது? இதற்கு யாரையும் கேட்காமல் பதில் கிடைத்தால் லீன், அதாவது வீணைக் கழித்து வேலை செய்யும் முறை, பாதி வந்துவிட்டது. கிடைக்காவிட்டால் எத்தனை லட்சத்துக்கு இஆர்பி (கொள்முதல், இருப்பு, உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் சாஃப்ட்வேர்) வாங்கினாலும் அது பில் போடும் மிஷினாகத்தான் இருக்கும்.

"எந்த சாஃப்ட்வேர்?" என்று முதலில் கேட்காதீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

லீன் என்றால் ஆளைக் குறைப்பது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ வீண் என்று ஏழு வகையைப் பிரித்தார்: தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, சரக்கைச் சும்மா அங்கும் இங்கும் ஏற்றி இறக்குவது, வேண்டாத வேலையைச் செய்வது, இருப்பைக் குவிப்பது, ஆள் வீணாக அலைவது, ரிஜெக்‌ஷன். இதில் தேவைக்கு மேல் செய்வதைத்தான் அவர் எல்லாவற்றிலும் மோசமானதாகச் சொன்னார், காரணம் மற்ற ஆறும் அதன் வயிற்றில்தான் பிறக்கின்றன. மிஷின் சும்மா நிற்கிறதே என்று ஆயிரம் பீஸ் கூடுதலாக ஓட்டினால், அதை வைக்க இடம் வேண்டும், தூக்க ஆள் வேண்டும், துரு பிடிக்காமல் எண்ணெய் போட வேண்டும், டிராயிங் மாறினால் அப்படியே ஸ்க்ராப். சாஃப்ட்வேர் இந்தத் தவறை இன்னும் வேகமாகச் செய்யக் கூடியது என்பதைக் கவனியுங்கள். இருப்பு தப்பாக ஏறியிருந்தால், இஆர்பி கணக்குப் போட்டு "இன்னும் 2,000 பீஸ் செய், இன்னும் ஒரு டன் ராட் வாங்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால்தான் முதல் வேலை கணக்கைச் சரிசெய்வது.

பெயரும் எடையும்

ஒரே போல்ட் உங்கள் கம்ப்யூட்டரில் மூன்று பெயரில் இருக்கும். "எம்8 போல்ட்", "8 எம்எம் போல்ட் 25", "ஹெக்ஸ் போல்ட் எம்8". மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பு, ஒன்றில் மைனஸ் கூட இருக்கும். இதை உட்கார்ந்து ஒன்றாக்குவது சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போக வழியே இல்லை. ஒரு பொருளுக்கு ஒரே கோடு, பெயரில் முதலில் வகை, அப்புறம் அளவு, அப்புறம் மெட்டீரியல் கிரேடு என்று ஒரு வரிசையை முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். கம்பெனி கொடுத்த பார்ட் நம்பரை அப்படியே ஒரு தனிக் கட்டத்தில் வையுங்கள், டிராயிங்கின் ரிவிஷன் நம்பரையும் கூடவே. பழைய ரிவிஷன் சரக்கு புது ரிவிஷனோடு கலந்து போய் லாட்டே திரும்பி வருவது இந்தத் தொழிலில் ரொம்ப சாதாரணமாக நடக்கிறது.

அடுத்தது எடை. நாம் ராடைக் கிலோவில் வாங்குகிறோம், பார்ட்டை எண்ணிக்கையில் விற்கிறோம். நடுவில் கணக்கு தொலைகிறது. ஒரு உதாரணம் பார்க்கலாம். 20 மி.மீ. உருண்டை ராட். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும், இது எல்லா பட்டறையிலும் தெரிந்த கணக்குதான்: 400-ஐ 162-ஆல் வகுத்தால் சுமார் 2.47 கிலோ. 6 மீட்டர் ராட் ஒன்று 14.8 கிலோ. பார்ட் நீளம் 65 மி.மீ., வெட்டுக்கு 3 மி.மீ., ஆக 68. கடைசியில் சக்கில் பிடிக்க 100 மி.மீ. துண்டு நின்றுவிடும் என்றால் மீதி 5,900-ல் 86 பீஸ் வரும். 14.8 கிலோவை 86-ஆல் வகுத்தால் பீஸுக்கு 172 கிராம்.

இந்த 172-ஐத்தான் பில் ஆஃப் மெட்டீரியலில், அதாவது ஒரு பார்ட்டுக்கு எந்தப் பொருள் எவ்வளவு போகும் என்ற பட்டியலில், ஏற்ற வேண்டும். பலர் டிராயிங்கில் இருக்கிற முடிந்த எடையை, 110 கிராம் என்று வையுங்கள், அதை ஏற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு ராடுக்கும் ஐந்து கிலோவுக்கு மேல் கம்ப்யூட்டரில் இருக்கும், தரையில் இருக்காது. மாதம் முடிவதற்குள் இருப்பு நூற்றுக்கணக்கான கிலோ பொய் சொல்லும். ஸ்டோர் கீப்பர் மேல் சந்தேகம் வரும், அவரோ ஒரு குற்றமும் செய்திருக்க மாட்டார். லேத்தில் விழும் சுருளையும் கடைசித் துண்டையும் தனிப் பொருளாகக் கணக்கில் கொண்டுவாருங்கள். ஸ்க்ராப் வியாபாரி எடைபோட்டு எடுத்துப்போகும்போது ராடு கணக்கும் சுருள் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும்.

எண்ணிப் பாருங்கள்

முழு இருப்பையும் ஒருமுறை கையால் எண்ண வேண்டும், அதற்கு ஆயுத பூஜையை விட நல்ல சமயம் கிடையாது. எப்படியும் முந்தின நாள் மிஷினை நிறுத்தித் துடைக்கிறோம், மூலையில் கிடக்கிற பழைய ஜிக், உடைந்த டூல், யாருடையது என்றே தெரியாத டப்பா எல்லாம் வெளியே வருகிறது. ஜப்பான்காரர்கள் ஃபைவ் எஸ் என்று பாடம் எடுப்பதன் முதல் மூன்று படியும் அன்றைக்கு நம் வழக்கத்திலேயே நடக்கிறது: வேண்டாததைக் கழிப்பது, வேண்டியதை இடத்தில் வைப்பது, சுத்தம் செய்வது. பொரி கடலை கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ரேக்குக்கும் ஒரு நம்பர், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நம்பர் எழுதி, எதில் என்ன எத்தனை என்று ஏற்றிவிட்டால், அதோடு வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கையில் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை எண்ணுவது போதாது. தினமும் காலையில் ஒரு நாலைந்து பொருளை மட்டும் எண்ணுங்கள். விலை கூடியதும் வேகமாக ஓடுவதும் மாதம் இரண்டு முறை வரட்டும், மலிவான வாஷர் மாதிரியானவை வருடத்துக்கு இரண்டு முறை வந்தால் போதும். எண்ணியதில் எத்தனை பொருள் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போனது என்று சதவீதம் எழுதி வையுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தொடர்ந்து ஒத்துப்போகிற வரை, இஆர்பியில் தானாக ஆர்டர் போடும் வசதியைத் தொடாதீர்கள். வித்தியாசம் வந்தால் எண்ணைத் திருத்திவிட்டுப் போய்விடாமல் ஏன் வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டே காரணம்தான் வரும்: சரக்கு நகர்ந்த நேரத்தில் பதிவு செய்யாமல் சாயங்காலம் நோட்டைப் பார்த்து மொத்தமாக ஏற்றியது, அல்லது ரிஜெக்ட் ஆன பீஸை யாருமே ஏற்றாதது. சரக்கு நகரும்போதே பதிவு ஆக வேண்டும். ஒரு பழைய ஆண்ட்ராய்டு ஃபோனும் டிரேயில் ஒட்டிய கியூஆர் ஸ்டிக்கரும் இதற்குப் போதும்.

வெளியே போன சரக்கு

நம் மாதிரி பட்டறைகளில் பணம் தூங்குவது பெரும்பாலும் நம் கூரைக்குக் கீழே இல்லை. ஹீட் ட்ரீட்மெண்ட் கடையிலும் பிளேட்டிங் கடையிலும் கிரைண்டிங் கடையிலும் தூங்குகிறது. சலான் போட்டு அனுப்பினோம், வந்தால் வரட்டும் என்று இருந்துவிடுகிறோம். எனக்குத் தெரிந்து லீன் வேலையை இங்கே ஆரம்பித்தால் கிடைக்கிற பலன் வேறெங்கும் கிடைப்பதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். சாஃப்ட்வேரில் உங்கள் ஸ்டோர்ஸ் ஒரு குடோன் என்றால், ஒவ்வொரு ஜாப் ஒர்க் கடையையும் ஒரு குடோனாக உருவாக்குங்கள். சரக்கு அங்கே போகும்போது விற்பனையாகவோ செலவாகவோ போடாதீர்கள். அது இன்னும் உங்கள் சரக்கு, இடம்தான் மாறியிருக்கிறது. ஜிஎஸ்டி சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 143-ஆம் பிரிவின்படி டெலிவரி சலானில் வரி கட்டாமல் அனுப்பலாம், மூலப்பொருள் என்றால் ஒரு வருடத்துக்குள் திரும்ப வர வேண்டும், மிஷின் மாதிரி மூலதனப் பொருள் என்றால் மூன்று வருடம். திரும்பாவிட்டால் அனுப்பிய அன்றைக்கே விற்றதாகக் கணக்காகி வரியும் வட்டியும் விழும். ஐடிசி-04 படிவத்தில் இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும், 5 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் என்றால் அரையாண்டுக்கு ஒருமுறை, மற்றவர்கள் வருடம் ஒருமுறை. ஆடிட்டர் கேட்கும்போது சலான் கட்டைப் புரட்டுகிற வேலை, குடோன் கணக்கு சரியாக இருந்தால் ஒரு பட்டனில் முடிந்துவிடும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் மதிப்பைத் தாண்டினால் ஈ-வே பில் வேண்டும் என்பதையும் சலான் போடும் இடத்திலேயே சாஃப்ட்வேர் எச்சரிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையில்தான் பெரிய சண்டை வரும். நாம் பீஸ் கணக்கில் அனுப்புகிறோம், அவர்கள் கிலோ கணக்கில் கூலி வாங்குகிறார்கள். அனுப்பும்போது 50 பீஸை எடைபோட்டு சராசரி எடையைச் சலானிலேயே அச்சிடுங்கள், திரும்பி வரும்போதும் அதே மாதிரி 50 பீஸ். பிளேட்டிங்கில் கூடும் எடை மிகக் கொஞ்சம், அதனால் மொத்தத்தில் ஒரு கிலோ இரண்டு கிலோ குறைந்தால் பீஸ் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். வந்த சரக்கை நேராக நல்ல இருப்பில் சேர்க்காமல் "சோதனைக்காக" என்று ஒரு குடோனில் நிறுத்துங்கள். திட்டுத் திட்டாக பிளேட்டிங் ஆன சரக்கும் நல்ல சரக்கும் கம்ப்யூட்டரில் ஒரே எண்ணாக நின்றால், நாளைக்கு 500 அனுப்புகிறேன் என்று சொன்ன வாய் 300 அனுப்பிவிட்டு விழிக்கும்.

இப்போது நாள் கணக்கு. 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த ஒரு எளிய விதி இருக்கிறது: நடுவில் நிற்கிற சரக்கை ஒரு நாளைக்கு வெளியேறும் சரக்கால் வகுத்தால், ஒரு பீஸ் உள்ளே எத்தனை நாள் கிடக்கிறது என்று வரும். உங்கள் வெளிக் கடைகளில் மொத்தம் 6,000 பீஸ் நிற்கிறது, தினமும் 500 பீஸ் கம்பெனிக்குப் போகிறது என்றால், ஒவ்வொரு பீஸும் 12 நாள் வெளியே கிடக்கிறது. பிளேட்டிங்குக்கும் ஹீட் ட்ரீட்மெண்ட்டுக்கும் உண்மையில் பிடிக்கும் நேரத்தைக் கூட்டினால் இரண்டு நாள் வருமா? மீதிப் பத்து நாளும் மூட்டையிலும் கிரேட்டிலும் காத்திருப்பு. பீஸுக்கு அதுவரை 45 ரூபாய் செலவாகியிருந்தால் 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் அங்கே உட்கார்ந்திருக்கிறது, அதற்கு ஓவர் டிராஃப்டில் வட்டி கட்டுவது நீங்கள். அதையே 2,000 பீஸாகக் குறைத்தால் நான்கு நாள், 90 ஆயிரம்.

எப்படிக் குறைப்பது? வாரத்துக்கு ஒருமுறை 3,000 பீஸ் மொத்தமாகக் கொட்டுவதை நிறுத்திவிட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை 1,000 அனுப்புவதுதான் வழி. உடனே வண்டி வாடகை கூடுமே என்பீர்கள், நியாயமான கேள்வி. குட்டியானை வண்டி ஒன்றை நேரம் குறித்து ஒரே சுற்றாக ஓட்டுங்கள்: காலையில் லேத் வேலை முடிந்ததை ஹீட் ட்ரீட்மெண்ட்டில் இறக்கி, அங்கே நேற்று முடிந்ததை ஏற்றி, பிளேட்டிங்கில் இறக்கி, அங்கே முடிந்ததை எடுத்துக்கொண்டு திரும்புவது. எஸ்டேட்டில் பக்கத்துப் பட்டறையும் அதே கடைக்குத்தான் அனுப்புகிறார்கள் என்றால் வண்டியைப் பங்கு போடுங்கள், வாடகை பாதியாகும். பிளேட்டிங் கடைக்காரர் பேரல் நிறையாமல் ஓட்ட மாட்டேன் என்பார். அவர் பேரலுக்கு எத்தனை கிலோ என்று கேட்டு, அந்த அளவுக்கே உங்கள் லாட்டை வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். எந்தக் கடையில் எந்தச் சலான் ஏழு நாளைத் தாண்டிவிட்டது என்ற ஒரே ஒரு ரிப்போர்ட்டைத் தினமும் காலை வண்டி கிளம்புவதற்கு முன் டிரைவர் கையில் கொடுங்கள். இந்த ஒரு ரிப்போர்ட்டுக்காகவே சாஃப்ட்வேர் வாங்கலாம் என்பேன்.

பிளேட்டிங் கடைக்காரருக்கு நேரத்தில் பணம் கொடுப்பதும் இதில் சேரும். சட்டம் என்று பார்த்தால் குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் கொடுக்க வேண்டும். நடைமுறை என்று பார்த்தால் நூறு நாள் இழுத்தடிக்கிறவருடைய லாட்டைத்தான் அவர் மூலையில் தள்ளுவார். கெடு தேதியை பில்லோடு ஏற்றி, வாரம் ஒருமுறை பட்டியல் எடுங்கள்.

எவ்வளவு, எப்போது

கணக்கு உண்மையாகிவிட்டதா? இனி இழுவை முறைக்குப் போகலாம். பின்னால் எடுத்தால்தான் முன்னால் செய்வது, அவ்வளவுதான் கான்பான். ஒவ்வொரு டிரேயோடும் ஒரு அட்டை இருக்கும், டிரே காலியானால் அந்த அட்டைதான் அடுத்த டிரேக்கான ஆர்டர். எத்தனை அட்டை என்ற கணக்கு கஷ்டமில்லை. ஒரு நாள் தேவை 400, சரக்கு வந்துசேர மூன்று நாள், பாதுகாப்புக்கு 25 சதவீதம் கூடுதல்: 400-ஐ 3-ஆல் பெருக்கி 1.25-ஆல் பெருக்கினால் 1,500. டிரேக்கு 250 பீஸ் என்றால் ஆறு அட்டை, ஆறு டிரே. சாஃப்ட்வேரில் ரீ-ஆர்டர் அளவு 1,500 என்று ஏற்றினால், இருப்பும் வரவேண்டியதும் சேர்ந்து அதற்குக் கீழே இறங்கும்போது அதுவே கோரிக்கை எழுப்பும். தரையில் அட்டை, திரையில் கோரிக்கை, இரண்டும் ஒரே எண்ணில் நடக்க வேண்டும். ஆறுக்கு மேல் டிரே கண்ணில் பட்டால் யாரோ கூடுதலாக ஓட்டியிருக்கிறார்கள்.

போல்ட், நட், வாஷருக்கு இதெல்லாம் வேண்டாம். இரண்டு டப்பா வையுங்கள். ஒன்று காலியானால் அதன் கியூஆரை ஸ்கேன் செய்தால் மண்ணடி, பாரிமுனைக் கடைக்கு ஆர்டர் போகட்டும், அது வருவதற்குள் இரண்டாவது டப்பா ஓடும். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் கேட்கிற பார்ட்டுக்கும் கான்பான் வேண்டாம், அதை ஆர்டர் வந்த பிறகு செய்தால் போதும்.

இந்த "மூன்று நாள்" என்பதில்தான் வட சென்னை உள்ளே வருகிறது. எண்ணூர் துறைமுகத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் போகிற கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவு சாலையிலும் மணலி சாலையிலும் வரிசை கட்டினால் அரை மணி நேர ஓட்டம் எத்தனை மணி நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மழைக்காலம் இன்னும் மோசம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலி புதுநகரும் அம்பத்தூர் எஸ்டேட்டும் தண்ணீரில் நின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம். ஆகவே வருடம் முழுக்க ஒரே லீட் டைம் வைக்காதீர்கள். ஒவ்வொரு சப்ளையரும் ஆர்டர் போட்ட நாளிலிருந்து கொண்டுவந்த நாள் வரை எத்தனை நாள் எடுத்தார் என்று சாஃப்ட்வேரே கணக்கு வைத்திருக்கும். சராசரியை மட்டும் பார்க்காமல் அதிகபட்சத்தையும் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தாழ்வான பகுதியைத் தாண்டி வரவேண்டிய சரக்குக்கு மட்டும் பாதுகாப்பு அளவைக் கூட்டி, பொங்கலுக்குப் பிறகு மறக்காமல் இறக்குங்கள். லீன் என்றால் இருப்பே கூடாது என்று இல்லை. ஏன் வைத்திருக்கிறோம் என்று தெரிந்த இருப்பு இருக்கலாம். தீபாவளி, சத் பூஜைக்கு வட மாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போகும் வாரங்களையும் காலண்டரில் முன்கூட்டியே குறைந்த திறனாக ஏற்றிவிடுங்கள்.

கம்பெனி அனுப்பும் ஷெட்யூலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாதம் உறுதி, அடுத்த இரண்டு மாதம் உத்தேசம் என்று வரும். உத்தேசத்தை வைத்து ராட் வாங்கலாம், பார்ட்டை ஓட்டாதீர்கள். போன வார ஷெட்யூலுக்கும் இந்த வார ஷெட்யூலுக்கும் பார்ட் வாரியாக என்ன மாறியது என்ற ஒப்பீட்டை எடுத்து வையுங்கள். எப்போதும் மேலே கீழே ஆடுகிற பார்ட் எது என்று நாலைந்து மாதத்தில் தெரிந்துவிடும், அதற்கு மட்டும் கொஞ்சம் முடிந்த சரக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றை இறுக்கலாம். அந்த ஒப்பீட்டை மேஜையில் வைத்துக் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆளிடம் பேசினால் பேச்சின் தோரணையே மாறும்.

மிஷின் நேரம்

ஜாப் கார்டில் செட்டிங் நேரத்தையும் ஓட்டும் நேரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். இரண்டும் கலந்திருந்தால் ஒன்றும் தெரியாது. செட்டிங்குக்கு மூன்று மணி நேரம் ஆகிற மிஷினில் எந்த ஆப்பரேட்டரும் பெரிய லாட்டைத்தான் ஓட்டுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. அதை 45 நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் அதே நேரத்தில் நாலு முறை மாற்றலாம், லாட் கால்வாசியாகும். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வேலைக்கான டூல், ஜா, கேஜ் எல்லாம் தள்ளுவண்டியில் தயாராக இருப்பதுதான் இதன் பெரும்பகுதி. செட்டிங் நேரத்தைக் குறைக்கும் முறையை வகுத்த ஷிகியோ ஷிங்கோ சொன்னதும் அதுதான். சாஃப்ட்வேர் இங்கே செய்வது ஒன்றே, அடுத்த வேலை எது என்று முன்னாடியே திரையில் காட்டுவது.

தக்ட் நேரத்தையும், அதாவது தேவையை முடிக்க எத்தனை நொடிக்கு ஒரு பீஸ் வர வேண்டும் என்பதையும், கூடவே பார்த்துவிடுங்கள். இரண்டு ஷிஃப்டில் டீ, சாப்பாடு கழித்து 880 நிமிடம், தேவை 550 பீஸ் என்றால் 96 நொடிக்கு ஒரு பீஸ் வர வேண்டும். உங்கள் சிஎன்சி 110 நொடி எடுக்கிறது என்றால் ஒரு மிஷினில் முடியாது, இதை மாதத்தின் முதல் வாரமே தெரிந்துகொள்ளலாம், இருபத்தெட்டாம் தேதி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆட்கள்

"பத்து பீஸ் போச்சுன்னு போட்டா மொதலாளி கத்துவாருண்ணே." ஆப்பரேட்டர் சூப்பர்வைசரிடம் இப்படிச் சொல்கிற இடத்தில் எந்த சாஃப்ட்வேரும் வேலை செய்யாது. ரிஜெக்‌ஷன் எண்ணை ஏற்றினால் திட்டு விழும் என்றால் திரையில் பூஜ்யம்தான் வரும், கெட்ட பீஸ் மிஷினுக்கு அடியில் போகும். உண்மையான எண்ணைப் போட்டவரிடம் "என்ன ஆச்சு, டூல் தேஞ்சுதா?" என்று கேளுங்கள், திட்டாதீர்கள். இது நல்ல மனசு காட்டுகிற விஷயம் மட்டும் இல்லை, உங்கள் இருப்புக் கணக்கே அந்தப் பையன் பயமில்லாமல் எண்ணை அழுத்துகிறானா என்பதில்தான் நிற்கிறது.

திரையில் எழுத்து குறைவாக, படம் அதிகமாக இருக்கட்டும். பார்ட்டின் ஃபோட்டோ, பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன். ஒரே ஷிஃப்டில் தமிழ், இந்தி, ஒடியா பேசுகிறவர்கள் சேர்ந்து நிற்கிறார்கள், எல்லாருக்கும் அது புரியும். யாருமே பார்த்து முடிவெடுக்காத எந்தத் தகவலையும் கேட்காதீர்கள். ஒரு கட்டம் கூடினால் நிரப்புகிற அக்கறை குறையும். அப்புறம் உங்கள் பழைய ஸ்டோர் கீப்பர். எது எந்த மூலையில் இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரிந்தவர் அவர்தான். அவரை ஓரங்கட்டிவிட்டு கம்ப்யூட்டர் படித்த புதுப் பையனிடம் பொறுப்பைக் கொடுத்தால் இரண்டு பேரும் தோற்பார்கள். ரேக் நம்பர் போடுவதை அவரிடமே விடுங்கள், பையன் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றட்டும்.

சரி, எந்த சாஃப்ட்வேர்?

டேலி பிரைம் ஏற்கெனவே இருந்தால் முதலில் அதையே முழுசாகப் பயன்படுத்துங்கள். பில் ஆஃப் மெட்டீரியல், குடோன், ஜாப் ஒர்க், ரீ-ஆர்டர் அளவு எல்லாம் அதிலேயே உண்டு, பெரும்பாலானோர் திறந்தே பார்ப்பதில்லை. மேலே சொன்ன இருப்பும் ஜாப் ஒர்க்கும் சம்பந்தப்பட்ட வேலைக்கு அது போதும். ஜாப் கார்டு, மிஷின் நேரம், கியூஆர் ஸ்கேன் என்று போகும்போது அடுத்ததைப் பார்க்கலாம். மும்பையின் ஃப்ராப்பே உருவாக்கிய இஆர்பிநெக்ஸ்ட் ஓப்பன் சோர்ஸ், லைசென்ஸ் பணம் கிடையாது, உற்பத்தியும் சப்-கான்ட்ராக்டிங்கும் அதில் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அமைத்துக் கொடுக்க விவரம் தெரிந்த ஆள் வேண்டும். ஓடூவும் ஏறக்குறைய அப்படித்தான். வாங்கி விற்பதும் கூடவே கொஞ்சம் அசெம்பிளியும் என்றால் ஜோஹோ இன்வென்டரி எளிது. எஸ்ஏபி பிசினஸ் ஒன் போன்றவற்றைக் கம்பெனி கட்டாயப்படுத்தினாலோ மூன்று நாலு யூனிட் ஆகிவிட்டாலோ பார்த்தால் போதும்.

டெமோ காட்ட வருகிறவரிடம் அவர் கொண்டுவந்த மாதிரித் தகவலைப் பார்க்காதீர்கள். உங்கள் பார்ட், உங்கள் சலான், அதில் 40 பீஸ் குறைவாக வந்தது, 15 பீஸ் ரிஜெக்ட், அதை மறுபடி பிளேட்டிங்குக்கு அனுப்புவது, இந்த முழு ஓட்டத்தையும் உங்கள் கண்முன்னே செய்து காட்டச் சொல்லுங்கள். தடுமாறினால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். உங்கள் தகவல் முழுவதையும் எக்செலில் எடுக்க முடியுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சொந்த சர்வர் என்றால் தரைத்தளத்தில் வைக்காதீர்கள், தினசரி பேக்கப் வேறு இடத்துக்குப் போகட்டும். தண்ணீர் வந்த ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

செலவைப் பற்றிக் கடைசியாக. 2023 மார்ச்சில் மத்திய அரசு தொடங்கிய எம்எஸ்எம்இ காம்பெடிடிவ் லீன் திட்டத்தில் அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படிகள் இருக்கின்றன. கூடவே நின்று வழிகாட்டும் ஆலோசகருக்கு ஆகும் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருந்தால் அதற்கான இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அடிப்படை நிலைக்கான பயிற்சியை நீங்களும் சூப்பர்வைசரும் ஸ்டோர் கீப்பரும் சேர்ந்தே முடித்துவிடுங்கள். ஆலோசகர் வரும் முன்பே மூன்று மாதம் இருப்பை எண்ணிய பதிவும் ஜாப் ஒர்க் நாள் கணக்கும் கையில் இருந்தால், அவர் முதல் சில வாரங்களைத் தகவல் சேகரிப்பதில் செலவிடாமல் நேராக உங்கள் மெதுவான மிஷின் முன்னால் போய் நிற்பார்.